வாயைத் திறந்து சொன்னால்தான் உரிமை: அமெரிக்கப் போலீஸிடம் செய்யக் கூடாத தவறுகள்

நம் ஊரில் டிராஃபிக் போலீஸ் கை காட்டினால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பேப்பர்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பேசுவதுதான் மரியாதை. அமெரிக்காவில் அதுதான் முதல் தவறு. கேட்காமலே கதவைத் திறந்து இறங்கி வருகிற ஆளை, பின்னால் ரோந்துக் காரில் இருப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வலப்பக்கம் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, இரவானால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்சூரன்ஸ் மூன்றையும் கேட்பார். பதிவுச்சீட்டு டேஷ்போர்டுக்குள் இருந்தால், எடுக்கட்டுமா என்று கேட்ட பிறகே கையை நீட்டுங்கள். இறங்கச் சொன்னால் இறங்கத்தான் வேண்டும். ஓட்டுநரை இறக்கலாம் என்று 1977-லும், கூட வருபவர்களையும் இறக்கலாம் என்று 1997-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை.

அபராதச் சீட்டில் கையெழுத்துப் போட மறுப்பதும் வீண் வீராப்பு. பெரும்பாலான இடங்களில் அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது; கோர்ட்டுக்கு வருவேன் என்ற உறுதிமொழிதான். மறுத்தால் கைது வரை போகும் மாநிலங்கள் உண்டு.

"ஒளிக்க ஒன்றுமில்லையே, பார்த்துக்கொள்ளுங்கள்"

நல்லவர்கள் செய்யும் தவறு இது. ஓஹையோ நெடுஞ்சாலையில் சாலை வேலை நடக்கும் பகுதியில், 45 மைல் வேகம் அனுமதித்த இடத்தில் 69 மைலில் போன ஒருவரைப் போலீஸ் நிறுத்தியது. எச்சரித்து, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல், வண்டியில் சட்டவிரோதமாக ஏதாவது இருக்கிறதா, பார்க்கலாமா என்று கேட்டார்கள். அவர் சரி என்றார். கொஞ்சம் கஞ்சாவும் ஒரு போதை மாத்திரையும் கிடைத்தன. "நீங்கள் இப்போதே கிளம்பலாம் என்று எனக்குச் சொல்லவேயில்லையே" என்பது அவர் வாதம். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுக்கும் உரிமை உண்டு என்பதையும் போலீஸ் சொல்லத் தேவையில்லை; அது 1973 முதல் இருக்கும் சட்டம்.

ஆகவே லைசென்ஸ் கைக்கு வந்ததும், "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" (நான் கிளம்பலாமா?) என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கிளம்புங்கள். சோதனை போடக் கேட்டால், "ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று தெளிவாக, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். தலையாட்டுவது, தோளைக் குலுக்குவது, "ம்" கொட்டுவது எல்லாம் சம்மதமாகவே எழுதப்படும். உங்கள் மடியில் கனமில்லை, சரி. பழைய காரின் சீட்டுக்கடியில் முன்னாள் உரிமையாளர் எதை விட்டுப் போனார், சென்ற வாரம் ஏறிய நண்பர் எதை மறந்து போனார் என்பதற்கு யார் பொறுப்பு?

மறுத்தும் சோதனை நடக்கலாம். குற்றப்பொருள் இருப்பதாக நம்பத்தக்க காரணம் இருந்தால் காரைச் சோதிக்க வாரண்டே வேண்டாம், 1925-லிருந்து அப்படித்தான். அப்போது குறுக்கே நிற்காதீர்கள். நீங்கள் சொன்ன மறுப்பு அந்தச் சாலையோரத்துக்கானது அல்ல. பின்னால் கோர்ட்டில், அந்தக் காரணத்தைக் காட்டும் பொறுப்பை அரசுத் தரப்பின் தலையில் வைப்பதற்கானது. மோப்ப நாய் வரட்டும் என்று நிறுத்தி வைப்பதற்கும் எல்லை உண்டு. தனிச் சந்தேகம் ஏதுமில்லாமல், எச்சரிக்கைச் சீட்டு கொடுத்து முடித்த பிறகு ஏழெட்டு நிமிடம் காக்க வைத்ததைக்கூட 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

சும்மா இருப்பது மௌன உரிமை ஆகாது

அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம் பேசாமல் இருக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த உரிமையைக் கேட்டு வாங்க வாயைத் திறக்க வேண்டும். வேடிக்கைதான், ஆனால் சட்டம் அதுதான். மிச்சிகனில் கைதான ஒருவர் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் பெரும்பாலும் பேசாமலே உட்கார்ந்திருந்தார். அந்தப் பையனைச் சுட்டதற்காகக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்கிறாயா என்று கடைசியில் கேட்டார்கள். "ஆமாம்" என்றார். அந்த ஒரு சொல் சாட்சியமாக நின்றது. மௌன உரிமையை அவர் வாய்விட்டுக் கோரவில்லை என்றது 2010 தீர்ப்பு. டெக்சாஸில் இன்னொருவர் கைதாகாமல், தானாகவே விசாரணைக்குப் போயிருந்தார். துப்பாக்கித் தோட்டா உறை பற்றிக் கேட்டதும் தலைகுனிந்து உதட்டைக் கடித்தார். அந்த மௌனத்தையே அரசுத் தரப்பு ஜூரியிடம் காட்டியது. 2013-ல் அதுவும் செல்லும் என்றாயிற்று.

வக்கீல் கேட்பதிலும் இதே கதை. "வக்கீலிடம் பேசினால் நல்லதோ என்னவோ" என்று இழுத்தால் கணக்கில் சேராது. கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்ன ஒருவர் 1994-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். "ஐ வில் ரிமெய்ன் சைலன்ட். ஐ வான்ட் எ லாயர்." இரண்டு வாக்கியம், அவ்வளவே. சொன்ன பிறகு நீங்களாகப் பேச்சுக் கொடுக்காதீர்கள். எதிரே இருப்பவர், உன் கூட்டாளி எல்லாவற்றையும் கக்கிவிட்டான் என்று பொய் சொல்வார். விசாரணையில் போலீஸ் பொய் சொல்லப் பொதுவாகத் தடையில்லை. உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எஃப்.பி.ஐ. போன்ற மத்திய அதிகாரிகளிடம், சத்தியப்பிரமாணம் எடுக்காமல் பேசும்போதுகூட, முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ஐந்து ஆண்டு வரை சிறை. பேசாதிருப்பது உரிமை, பொய் சொல்வது குற்றம்.

பேசாமல் இருக்கலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் சொல்லும் மிராண்டா எச்சரிக்கையை வாசிக்கவில்லை, அதனால் கேஸ் நிற்காது என்பது டிவி பார்த்து வந்த நம்பிக்கை. காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டுமே 1966-ம் ஆண்டு விதி பொருந்தும். வாசிக்காவிட்டால் அடிபடுவது அப்போது கொடுத்த வாக்குமூலம்தான், வழக்கு அல்ல. சாதாரணச் சாலையோர விசாரணை அந்தக் கணக்கில் காவலே ஆகாது.

கதவும் போனும்

கதவு தட்டப்பட்டால் திறக்காமலே பேசலாம். வாரண்ட் இருக்கிறது என்றால், கதவுக்கடியில் தள்ளச் சொல்லுங்கள், அல்லது ஜன்னலில் காட்டச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை: மேலே கோர்ட்டின் பெயர், உங்கள் சரியான முகவரி, தேதி, நீதிபதியின் கையெழுத்து. குடிவரவு அதிகாரிகள் கொண்டுவரும் தாள் பலசமயம் அவர்கள் துறை அதிகாரியே கையெழுத்திட்டதாக இருக்கும். அது கோர்ட் வாரண்ட் அல்ல. அதைப் பார்த்துக் கதவைத் திறந்து "வாங்க" என்று வழிவிட்டால், சம்மதத்தோடு நுழைந்ததாகிவிடும். மீறி நுழைந்தால் தடுக்காதீர்கள். சம்மதமில்லை என்று மட்டும் சொல்லுங்கள். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் 18 வயது தாண்டியவர்கள் அந்த ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது தனிச் சட்டம்.

கைது செய்தாலும் செல்போனுக்குள் பார்க்க வாரண்ட் வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. நீங்களே பாஸ்கோடைச் சொல்லிக் கொடுத்தால் அந்தத் தீர்ப்பால் பயனில்லை. முகமோ விரலோ காட்டித் திறக்க வைக்கலாமா என்பதில் நீதிமன்றங்களே வேறுபடுகின்றன. ஆகவே போனை அணைத்து வைப்பது நல்லது. மறுபடி போடும்போது பாஸ்கோடுதான் கேட்கும். விமான நிலையக் குடிவரவு வாயிலில் இதெல்லாம் செல்லாது. அங்கே வாரண்ட் இல்லாமலே போனைப் பார்க்கிறார்கள். திறக்க மறுக்கும் குடிமகனை நாட்டுக்குள் விடாமலிருக்க முடியாது, போன் மட்டும் பறிபோகலாம். விசாவில் வருபவரைத் திருப்பியே அனுப்பலாம்.

பேச்சுரிமையைப் பற்றி ஒரு வரி போதும்: முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, உங்கள் முதலாளியின் கையை அல்ல. ஃபேஸ்புக் பதிவுக்காகத் தனியார் கம்பெனி வேலையைவிட்டு நீக்கினால், பெரும்பாலான மாநிலங்களில் அரசியல் சட்டம் உதவாது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு அதன்பின் அதிகபட்சம் 60 நாள் அவகாசம்.

கடைசித் தவறு, சின்ன வழக்குதானே என்று கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துவிடுவது. குடிமகனுக்கு அபராதத்தோடு போவது, மற்றவருக்கு நாடு கடத்தலில் முடியலாம். கென்டக்கியில் கிரீன் கார்டுக்காரர் ஒருவர், கவலை வேண்டாம் என்ற வக்கீல் பேச்சை நம்பிக் கஞ்சா வழக்கில் ஒப்புக்கொண்டு மாட்டினார். வெளியேற்றும் அபாயத்தை வக்கீல் சொல்லியாக வேண்டும் என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. அவர் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே கேளுங்கள். குடிவரவு நீதிமன்றத்தில் அரசுச் செலவில் வக்கீல் கேட்கும் உரிமையும் கிடையாது.

உங்கள் மேல் அத்துமீறல் நடந்திருந்தால் அன்றிரவே எழுதிவையுங்கள்: நேரம், இடம், அதிகாரியின் பேட்ஜ் எண், கார் எண், பார்த்தவர்கள் யார் யார். காயம் இருந்தால் போட்டோ, டாக்டர் சீட்டு. நியூயார்க் நகரின் மீது மாநிலச் சட்டப்படி காயத்துக்கு இழப்பீடு கேட்க 90 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஆறு மாதம்.