லண்டனில் 8 பவுண்டுக்கு சிம்பொனி

லண்டனில் முதுகலை படிப்பவர்களுக்கு ஜூலையும் ஆகஸ்டும் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டியே கழியும். அதே சமயத்தில்தான் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் இசை விழா நடக்கிறது. ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் நடுவரை ஓடும். 'வெஸ்டர்ன் கிளாசிக்கல் நமக்கு ஒத்துவராது' என்பவர்கள் அங்கே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

நின்று கேட்கும் டிக்கெட் சமீப ஆண்டுகளில் 8 பவுண்டுதான். கச்சேரி அன்று காலையில் இணையத்தில் விற்பனைக்கு வரும். அரீனா டிக்கெட் எடுத்தால் மேடைக்கு நேர் எதிரே நிற்கலாம். பெரிய தொகை கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள் உங்களுக்குப் பின்னால்! வயலின்காரர்களின் வில்கள் ஒரே சீராக ஏறி இறங்குவது அவ்வளவு பக்கத்தில் தெரியும். உச்சியில் இருக்கும் கேலரியில் கூட்டம் குறைவென்றால் தரையில் படுத்துக்கொண்டே கேட்பவர்களும் உண்டு.

எடுத்த எடுப்பில் இசையமைப்பாளர் மாலரின் மூன்றாவது சிம்பொனிக்குப் போகாதீர்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கவேண்டும். பீத்தோவனின் ஐந்தாவது அரை மணி நேரம்தான். ஆரம்பத்தில் வரும் அந்த நான்கு சுரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, அவை மறுபடி எங்கெல்லாம் தலைகாட்டுகின்றன என்று கவனியுங்கள். முந்தைய நாள் ஒருமுறை கேட்டுவிட்டுப் போனால் இன்னும் சுலபம்.

நம்மூர் சபாவில் தொடையில் தாளம் போடலாம், நடுவே 'சபாஷ்' சொல்லலாம். அங்கே அதெல்லாம் கூடாது. கைதட்டுவது எப்போது என்று குழப்பமா? இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் கையை இறக்கிவிட்டு நம் பக்கம் திரும்பட்டும்.

டிக்கெட் கிடைக்காவிட்டால் பிபிசி ரேடியோ 3-இல் எல்லாக் கச்சேரியும் நேரலை.