கிணறு உப்பாகாமல் கோடையில் குட்டைக்குத் தண்ணீர் விடுவது எப்படி?

சித்திரை பிறந்தால் எங்கள் உச்சிப்புளிப் பக்கம் குட்டைத் தண்ணீர் கரையை விட்டு விலகத் தொடங்கிவிடும். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வருஷ மழை 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். மீனோ ஆடுமாடோ நாற்றோ குட்டையை நம்பி இருந்தால், ஆடி வரை அதைக் காப்பாற்றக் கிணறுதான் துணை.

ஆனால் கடலோரக் கிணற்றை உள்நாட்டுக் கிணறு மாதிரி நினைத்துவிடக் கூடாது. நம் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் ஏடு மாதிரி மிதக்கிறது. கிணற்றில் நீர்மட்டம் ஒரு அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழே உப்புநீர் நாளடைவில் சுமார் 40 அடி வரை மேலேறலாம். இது தெரியாமல் முதல் வருஷம் ஒன்றரை எச்.பி. மோட்டாரை நாலு மணி நேரம் ஓடவிட்டேன். குட்டை நிறைந்தது. பத்தாம் நாள் கிணற்றுத் தண்ணீரில் போட்ட டீயை வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு மழைக்காலம் போன பிறகுதான் கிணறு பழைய ருசிக்கு வந்தது.

முதலில் ஒரு குச்சி

மோட்டாரைத் தொடுவதற்கு முன்பு குட்டை ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அளவு குறித்த குச்சி ஒன்றைக் குட்டையில் ஊன்றுங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் குட்டைத் தண்ணீரை ஊற்றி, கல் போட்டு, குட்டையின் ஓரப்படியில் பாதி முங்கும்படி வையுங்கள். வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மழையில்லாத மூன்று நாள் கழித்து இரண்டையும் அளந்து பாருங்கள். வாளியில் குறைந்தது வெயிலும் காற்றும் கொண்டுபோனது. குட்டையில் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால், மிச்சம் அடியில் கசிந்து போகிறது.

கசிவு அதிகம் என்றால் இறைப்பதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மணலில் வெட்டிய குட்டையும் அதன் பக்கத்துக் கிணறும் ஒரே தண்ணீர்தான். நீங்கள் மேலே ஊற்றுவது கீழே வழிந்து கிணற்றுக்கே திரும்பும். கரன்ட் மட்டும்தான் செலவு! அப்படியானால் தண்ணீர் வற்றும் சமயம் பார்த்து, கண்மாய்க் களிமண்ணைப் பரப்பி, ஈரத்தோடு மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். கண்மாயில் மண் எடுக்கத் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். வசதி இருந்தால் தார்ப்பாய் விரிக்கலாம்.

கணக்கு

60 அடிக்கு 50 அடி குட்டை என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 280 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது ஒரு லிட்டர். கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, வீசும் நாளில் 6 மில்லிமீட்டர் ஆவியாகிப் போனால் 280 × 6, அதாவது 1,680 லிட்டர் ஈடுகட்ட வேண்டும்.

இனி கிணற்றுப் பக்கம். 6 அடி விட்டமுள்ள உறைக்கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் சுமார் 800 லிட்டர். ஆக அன்றைய தேவை கிணற்றில் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். இதை ஒரே மூச்சில் எடுக்காமல் காலையில் ஓரடி, மாலையில் ஓரடி என்று பிரியுங்கள். ஓரடி எடுத்த பிறகு கயிறு விட்டு அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் பழைய மட்டத்துக்கு ஊறிவிட்டால் நல்ல கிணறு. மாலை வரை ஊறவில்லையா? மாலைப் பங்கை விட்டுவிடுங்கள். குட்டை கொஞ்சம் இறங்கினால் இறங்கட்டும்.

ஊற்றுத் தோண்டி, ஊற ஊறச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாரையும் அந்தப் பக்குவத்தில்தான் ஓட்ட வேண்டும்.

மோட்டாரும் குழாயும்

அரை எச்.பி. போதும். 20 லிட்டர் வாளி எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 60 லிட்டர். 800 லிட்டருக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஒரு டைமர் வாங்கி மாட்டுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

ஃபுட் வால்வை, அதாவது உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் வால்வை, கிணற்றின் அடியில் போடாதீர்கள். கனமான உப்புநீர் அடியில்தான் இருக்கும். காலி கேன் ஒன்றில் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே தொங்கும்படி மிதக்கவிடுங்கள். குழாயின் அந்த நுனி வளையும் ஓஸாக இருந்தால் மட்டம் இறங்க இறங்கக் கூடவே இறங்கும்.

மீன் விட்டிருந்தால் இன்னொரு வேலை உண்டு. கிணற்றுத் தண்ணீரில் பிராணவாயு குறைவு; சில கிணறுகளில் அழுகிய முட்டை வாடையும் அடிக்கும். ஓஸைக் குட்டைக்குள் முக்காமல், ஓட்டை போட்ட தகரத்தில் விழவிட்டு, கல் அடுக்கின்மேல் தெறித்து வரும்படி செய்யுங்கள். காலைப் பங்கை விடியலிலேயே விடுவது நல்லது. மீன் வாயைப் பிளந்து மேலே வருவது அந்த நேரத்தில்தான்.

உப்புக் கணக்கை மறக்காதீர்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். உப்பைக் குட்டையிலேயே விட்டுவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் டி.டி.எஸ். என்பார்கள். டி.டி.எஸ். 1,000 காட்டும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருக்கிறது. தினம் 1,680 லிட்டர் என்றால் 100 நாளில் 168 கிலோ. மூன்று மூட்டைக்கு மேல் உப்பைச் சுமந்து குட்டையில் கொட்டிய கணக்கு.

சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. வாரம் ஒரு தடவை கிணற்றையும் குட்டையையும் பார்த்து காலண்டரில் எழுதுங்கள். கிணற்றின் எண் இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் ஒரு வாரம் மோட்டாரைத் தொட வேண்டாம். குட்டையின் எண் ஏறுவது சகஜம். கட்லா, ரோகு லேசான உப்பைத் தாங்கும், தென்னையும் தாங்கும். நாற்றுக்கு மட்டும் அந்தத் தண்ணீரை ஊற்றுமுன் யோசியுங்கள்.

அப்புறம், குட்டையை விளிம்பு வரை நிரப்ப ஆசைப்பட வேண்டாம். சரிவான கரை என்றால் மட்டம் இறங்கும்போது பரப்பும் சுருங்கும், ஆவியாவதும் குறையும். மீனுக்கு நாலடி ஆழம் இருந்தால் கோடையை ஓட்டிவிடலாம். அந்த நாலடிக்குக் குச்சியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் தண்ணீர் விடாதீர்கள்.

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ததும் குட்டையின் மறுகாலை, அதாவது மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழியை, திறந்து பழைய உப்புத் தண்ணீரில் ஒரு பகுதியை ஓடைக்கு வெளியேற்றுங்கள். வீட்டுக் கூரையில் விழும் மழையை மட்டும் ஒரு குழாயில் பிடித்து, கிணற்றுக்குப் பக்கத்தில் கல்லும் மணலும் நிரப்பிய குழியில் விடுங்கள். குட்டை வழிசல் அந்தக் குழிக்குப் போகாதபடி நடுவில் ஒரு சிறு வரப்பு போட்டுவிடுங்கள்.