வெளிநாட்டுத் துணைவருக்கு நிரந்தரவாசம்: விதிகள் மாறிய பின் விண்ணப்பிக்கும் முறை

மலேசியரை மணந்து பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வாழும் தமிழகத்துப் பெண்கள் சிலர், 2024 அக்டோபர் 17-இல் மக்களவையில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்தைக் கேள்விப்பட்டுத் தங்கள் நிரந்தரவாச விண்ணப்பத்துக்கும் ஆபத்து வந்ததோ என்று கலங்குகின்றனர். அத்திருத்தம் குடியுரிமை பற்றியது. திருமணமான ஈராண்டுக்குள் மணமுறிவு ஏற்பட்டால் வெளிநாட்டு மனைவியின் குடியுரிமையைப் பறிக்கலாம் என்றிருந்த விதியில், அந்த ஈராண்டைக் குடியுரிமை பெற்ற நாளிலிருந்து கணக்கிடுமாறு அது மாற்றியது. நிரந்தரவாசம் என்பதோ, 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின்கீழ்க் குடிநுழைவுத் துறை வழங்கும் அனுமதி. குடியுரிமை விண்ணப்பத்தை ஏற்பது தேசியப் பதிவுத் துறை.

திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். தமிழகத்துக் கோயிலில் தாலி கட்டியதும் அங்கே பதிவுச் சான்றிதழ் பெற்றதும் மட்டும் போதா. வெளிநாட்டில் நடந்த திருமணத்தை, மலேசியத் துணைவர் ஆறு மாதத்துக்குள் அந்நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்திலோ, அதற்குள் நாடு திரும்பிவிட்டால் இங்குள்ள தேசியப் பதிவுத் துறையிலோ பதிய வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் பின்வரும் ஒவ்வொரு படியும் தாமதமாகும்.

அடுத்தது, வெளிநாட்டுத் துணைவர் மலேசியாவில் தங்கி வாழ உதவும் நீண்டகாலச் சமூக வருகை அனுமதி. நிரந்தரவாசத்துக்கு இந்த அனுமதியுடன் ஐந்தாண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த நிபந்தனை. இத்தகைய கால வரம்புகள் மாறக்கூடியவை என்பதால், முன்பே நிரந்தரவாச அட்டை பெற்ற அக்காவின் அனுபவத்தை நம்பாமல், விண்ணப்பிக்கும் வாரத்தில் குடிநுழைவு அலுவலகத்தில் நேரில் கேட்டறியுங்கள். என் கருத்தில், கால வரம்பு எதுவானாலும் விண்ணப்பத்தைத் தாங்கி நிற்பது தொடர்ச்சிதான். அனுமதி முடியும் முன்பே புதுப்பியுங்கள். பழைய கடப்பிதழ்களை ஒருபோதும் எறியாதீர்கள். தாய்வீட்டில் மாதக்கணக்கில் தங்கியிருந்தால் அதற்கான காரணத்தைக் காட்டும் மருத்துவ அல்லது குடும்ப ஆவணங்களை எடுத்துவையுங்கள்.

துணைவரின் மைகாட் எனும் மலேசிய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, வருமான வரிப் படிவம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைத் திரட்டுங்கள். தமிழில் மட்டும் உள்ள சான்றிதழ்களை மலாய் அல்லது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உறுதிச்சான்று பெறுங்கள். நேர்காணலுக்கு அழைத்தால் கணவன் மனைவி இருவரும் செல்லுங்கள். எளிய மலாயில் பதில் சொல்லப் பழகியிருப்பது நன்று.

ஒப்புதல் கிடைத்தபின் நிரந்தரவாசிக்கான சிவப்பு நிற அடையாள அட்டையான மைபிஆர் வரும். வாக்குரிமை கிடையாது, ஆனால் இந்தியக் கடப்பிதழை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், ஊரில் நிலபுலன் உள்ளவர்கள் குடியுரிமைக்கு விரையாமல் இதோடு நிற்பதில் தவறில்லை. அட்டை வந்த பின்னும், வெளிநாடு செல்லுமுன் மறுநுழைவு அனுமதி செல்லுபடியாகிறதா என்று பார்த்துவிட்டே பயணச்சீட்டு எடுங்கள்.