டெக்சஸ் பர்மிட்டோடு பிட்ஸ்பர்க் வரை: வெளிமாநிலத்துக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர்களுக்கு

டாலஸ் பக்கத்திலிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரா கோயிலுக்குக் காரில் போனால் சுமார் 1,200 மைல். டெக்சஸில் கிளம்பி ஆர்கன்சா, டென்னசி, கென்டக்கி, ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியாவின் ஒரு சிறு துண்டு, பிறகு பென்சில்வேனியா. மொத்தம் ஏழு மாநிலம். டிரைவிங் லைசென்ஸ் ஏழிலும் செல்லும். இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்கான பர்மிட் அப்படிச் செல்லாது. அதை அங்கீகரிப்பதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி முடிவு செய்கிறது. பொதுமக்களுக்கென்று நாடு முழுவதும் செல்லும் ஃபெடரல் பர்மிட் எதுவும் கிடையாது. இந்தியாவிலும் ஆயுத உரிமத்தில் அது எந்தப் பகுதிவரை செல்லும் என்று எழுதியிருக்குமே, அந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் வக்கீல் இல்லை. டெக்சஸ் பர்மிட் வைத்திருப்பவன், இந்தப் பாதையில் போய் வந்தவன், அவ்வளவுதான். கிளம்பும் முன் நான் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் பலர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "டெக்சஸில் பர்மிட்டே வேண்டாமாம்" என்று நண்பர் சொன்னதை நம்பி இறங்காதீர்கள். அவர் சொல்வது மாநிலச் சட்டம். இந்தத் தடை அதற்கு மேலே உட்கார்ந்திருக்கிறது.

கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், பர்மிட்டும் எடுக்கலாம். ஆனால் ஒன்று: துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ தண்டிக்கப்பட்டால், அதுவே நாடு கடத்தப்படுவதற்கான காரணமாகலாம். பக்கத்து வீட்டு அமெரிக்கருக்கு அபராதத்தோடு முடிகிற தப்பு நமக்குக் குடும்பத்தோடு பெட்டி கட்டுகிற விஷயமாகிவிடும். அதனால் நாம் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 2: கையில் பர்மிட் கார்டு இருக்கிறதா?

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில், தகுதியுள்ள, 21 வயதான ஒருவர் பர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். பிறகு எதற்குப் பணம் கட்டி, வகுப்புக்குப் போய், குறிபார்த்துச் சுட்டுக் காட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும்? எல்லை தாண்டத்தான். "பர்மிட் வேண்டாம்" என்ற சலுகை டெக்சஸ் மண்ணோடு முடிந்துவிடும். கார்டு உங்களோடு வரும். பர்மிட் கேட்கிற மாநிலத்தில் நீட்டுவதற்கு உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

2024 ஜூலையில் லூசியானாவும் சேர்ந்தபோது பர்மிட் கேட்காத மாநிலங்கள் 29 ஆயின. நம் பாதையில் பென்சில்வேனியா தவிர மற்ற ஆறும் இந்தக் கூட்டத்தில்தான். பென்சில்வேனியாவில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ளவும், காரில் வைத்துக்கொள்ளவும் பர்மிட் வேண்டும். கடைசி மாநிலத்தில் கார்டு கேட்பார்கள், கார்டு டாலஸில்தான் எடுக்க முடியும்.

படி 3: பட்டியலை அரசாங்கப் பக்கத்திலேயே பாருங்கள்

எந்தெந்த மாநிலம் டெக்சஸ் பர்மிட்டை ஏற்கிறது என்பதை டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறை தன் வலைத்தளத்தில் போட்டிருக்கிறது. அதோடு நிறுத்தாதீர்கள். போகிற மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அல்லது மாநிலப் போலீஸ் பக்கத்தையும் திறந்து பாருங்கள், ஏனென்றால் உங்களை நிறுத்தப்போவது அவர்கள். ஆப்களில் வரும் வண்ண வரைபடங்கள் ஒரு மேலோட்டத்துக்குச் சரி. அதை மட்டும் நம்பி வண்டியை எடுக்க மாட்டேன்.

பட்டியல் எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதற்கு வர்ஜீனியா ஓர் உதாரணம். 2015 டிசம்பரில் அந்த மாநில அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெரிங், 25 மாநிலங்களின் பர்மிட்டுகளை இனி ஏற்கமாட்டோம் என்று அறிவித்தார். அடுத்த மாதமே ஆளுநர் மெக்காலிஃபும் சட்டமன்றமும் பேசி அதைத் திருப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் போன உத்தரவும் வந்த உத்தரவும். போன வருஷம் பார்த்த பட்டியலுக்கு இந்த வருஷம் மதிப்பில்லை. கிளம்புகிற வாரம் பாருங்கள், தேதியோடு அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் சின்ன எழுத்தையும் படிக்க வேண்டும். மிஷிகன், கொலராடோ போன்றவை, பர்மிட் கொடுத்த மாநிலத்திலேயே குடியிருப்பவரின் பர்மிட்டை மட்டும்தான் ஏற்கும். யூட்டாவும் அரிசோனாவும் வெளியூர்க்காரர்களுக்கும் பர்மிட் தருவதால் பலர் அதை வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கார்டு இந்த இடங்களில் வெறும் பிளாஸ்டிக்.

படி 4: போகவே கூடாத எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிட்ஸ்பர்க் வரை வந்தாயிற்று, நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் அக்காவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நியூஜெர்சி வேறு எந்த மாநிலத்தின் பர்மிட்டையும் ஏற்பதில்லை. நியூயார்க், மேரிலாந்து, மாசசூசெட்ஸ், கலிஃபோர்னியா, இல்லினாய் ஆகியவையும் அப்படித்தான். 2022-ல் உச்ச நீதிமன்றம் புரூன் வழக்கில், வீட்டுக்கு வெளியே துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் பக்கத்து மாநிலப் பர்மிட்டை ஏற்றாக வேண்டும் என்று ஆகிவிடவில்லை.

2013-ல் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய், பென்சில்வேனியா பர்மிட்டோடு நியூஜெர்சிக்குள் காரை ஓட்டிப் போனார். சாதாரண டிராஃபிக் நிறுத்தம். தன்னிடம் துப்பாக்கியும் பர்மிட்டும் இருப்பதை அவரேதான் போலீசிடம் சொன்னார். கைது, சிறை, மூன்றரை ஆண்டு கட்டாயத் தண்டனை வரக்கூடிய வழக்கு. 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி முழு மன்னிப்புக் கொடுத்த பிறகுதான் விஷயம் அடங்கியது. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ஓர் ஆறும் ஒரு பாலமும்தான்.

"அப்படியென்றால் பிட்ஸ்பர்க் நண்பர் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்" என்பீர்கள். வேறு மாநிலத்துக்காரர் கையில் துப்பாக்கியை ஒப்படைப்பதற்கும் ஃபெடரல் சட்டத்தில் வேலி இருக்கிறது. எடிசன் உங்கள் திட்டத்தில் இருந்தால் துப்பாக்கியை டாலஸ் வீட்டுப் பெட்டகத்திலேயே பூட்டிவிட்டுக் கிளம்புங்கள். அக்கா வீட்டில் அத்தான் கேட்கப்போவது மைசூர்பாகுதான்.

படி 5: நடுவில் ஆகாத மாநிலம் வந்தால்

சிலருடைய பாதையில் ஏற்காத மாநிலம் நடுவில் குறுக்கிடும். ஐ-81 நெடுஞ்சாலையில் பென்சில்வேனியாவுக்குப் போகிறவர்களுக்கு மேரிலாந்து வெறும் 12 மைல்தான், ஆனால் அந்த 12 மைலும் மேரிலாந்து சட்டம். இதற்காகத்தான் 1986-ல் ஃபெடரல் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு வைத்தார்கள். கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், நடுவில் இருக்கும் மாநிலத்தைக் கடக்கலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டக்கூடாது. டிக்கி இருந்தால் டிக்கியில். எஸ்யூவி, வேன் என்று டிக்கி தனியாக இல்லாத வண்டியானால் பூட்டிய பெட்டியில். க்ளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவிலுள்ள கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது.

இது கடந்து போவதற்கான பாதுகாப்பு மட்டுமே. 2005-ல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போகும்போது நியூஜெர்சியின் நூவார்க்கில் இணைப்பு விமானம் தவறியது. துப்பாக்கி இருந்த பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஹோட்டலில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் விதிப்படி துப்பாக்கியை அறிவித்தார், கைது செய்துவிட்டார்கள். வழக்கைப் பின்னர் கைவிட்டார்கள். ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போனபோது, ஹோட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததே என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகச் சொன்னது. ஆகவே அப்படிப்பட்ட மாநிலத்தில் தங்காதீர்கள், சொந்தக்காரர் வீட்டுக்கு ஒதுங்காதீர்கள். பெட்ரோலையும் முன்னாடியே நிரப்பிக்கொள்ளுங்கள்.

படி 6: ஏற்கிற மாநிலத்திலும் போகக்கூடாத இடங்கள்

பர்மிட்டை ஏற்றுக்கொண்டாலும் நீங்கள் நடக்க வேண்டியது அந்த ஊர்ச் சட்டப்படி. டெக்சஸில், வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்றே வரும் பார்களில், துப்பாக்கி கூடாது என்பதற்கு 51 சதவீதம் என்று சிவப்பில் எழுதிய பலகையைப் பார்த்துப் பழகியிருப்பீர்கள். வேறு மாநிலத்தில் அந்தப் பலகை இருக்காது, விதி மட்டும் வேறு உருவத்தில் இருக்கும். கோயிலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஒஹாயோவில் வழிபாட்டுத் தலத்துக்குள், நிர்வாகம் அனுமதித்தால் ஒழியக் கொண்டுபோகக் கூடாது. வழியில் கொலம்பஸில் ஒரு கோயிலில் நின்று கும்பிட்டுப் போகலாம் என்றால் முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபெடரல் நீதிமன்றம், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் போன்ற ஃபெடரல் கட்டடங்கள் எங்கேயும் ஆகாது. தேசியப் பூங்காக்களில் 2010 முதல் அந்தந்த மாநிலச் சட்டம்தான், ஆனால் அங்கிருக்கும் பார்வையாளர் மையக் கட்டடத்துக்குள் கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று பள்ளி வளாகம். பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பதை ஃபெடரல் சட்டம் தடுக்கிறது. பர்மிட் உள்ளவருக்கு விலக்கு உண்டு, ஆனால் பள்ளி இருக்கும் அந்த மாநிலமே கொடுத்த பர்மிட்டாக இருக்க வேண்டும். மாநிலம் உங்கள் டெக்சஸ் கார்டை ஏற்றாலும் இந்த விலக்கு கிடைக்காது என்பதே ஃபெடரல் ஆயுதத் துறையின் நிலைப்பாடு. பர்மிட்டே கேட்காத மாநிலத்திலும் இதே கதை. தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிய பெட்டியில் வைத்தால் விலக்கு உண்டு. நான் நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் இறங்கும் முன் அப்படித்தான் செய்கிறேன்.

மேகசின் (தோட்டாக்களை அடைக்கும் கூடு) அளவையும் பாருங்கள். நம் பாதையில் தொல்லையில்லை. நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் 10 தோட்டாதான் உச்சம்.

படி 7: போலீஸ் நிறுத்தினால்

துப்பாக்கி இருக்கிறது என்று நீங்களாகச் சொல்ல வேண்டுமா? மிஷிகனிலும் வட கரோலினாவிலும் கேட்காமலே சொல்ல வேண்டும். ஒஹாயோவிலும் அப்படித்தான் இருந்தது, 2022 ஜூனிலிருந்து கேட்டால் சொன்னால் போதும். டெக்சஸில் அதிகாரி அடையாள அட்டை கேட்டால் பர்மிட்டையும் சேர்த்துக் காட்டியாக வேண்டும்.

இரவானால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். பேச்சைத் துப்பாக்கி என்ற சொல்லில் தொடங்காமல், "என்னிடம் பர்மிட் இருக்கிறது" என்று தொடங்குங்கள். எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், அவர் சொல்கிறவரை கையை எடுக்காதீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவரும் உதவுகிறேன் என்று எதையும் திறக்கக் கூடாது. என் மனைவிக்கு இதை வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக் காட்டினேன். சிரித்தாள், ஆனால் நினைவில் வைத்திருக்கிறாள்.

காரின் ரெஜிஸ்ட்ரேஷனும் இன்ஷூரன்ஸும் பர்மிட்டும் அச்சடித்த பட்டியலும் சன் வைசருக்குப் பின்னால் ஒரே உறையில் இருக்கட்டும். காகிதம் எடுக்கப் போகிற கை துப்பாக்கி இருக்கும் பக்கமே போகாதபடி.