ஆபீஸுக்கு ஒரே ரிஜிஸ்டர்: சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு மூன்றுக்கும்

நிறுவனங்கள் பின்பற்றும் சர்வதேச மேலாண்மைத் தரங்களில் சுற்றுச்சூழலுக்கு ஐஎஸ்ஓ 14001, பணியிட உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஐஎஸ்ஓ 45001. இரண்டுக்கும் தனித்தனி ஃபைல், தனித்தனி கமிட்டி என்று ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் இரண்டும் பீரோவுக்குள் போய்விடும். அப்படிப் பிரிக்க அவசியமும் இல்லை. 4-ஆம் பிரிவு முதல் 10-ஆம் பிரிவு வரை இரண்டிலும் தலைப்பு வரிசை ஒன்றுதான். ஒரு கொள்கை, ஆபத்துகளைப் பதிய ஒரு ரிஜிஸ்டர், ஒரு உள் தணிக்கை போதும்.

காரைக்குடியில் ஒரு நிதி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் நிர்வாகம் பார்க்கிறேன். வாடகைக்கு எடுத்த பழைய செட்டிநாட்டு வீடு. வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) கணக்குப் பிரிவு, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுப் பகுதியில் கம்ப்யூட்டர்கள். கண்ணாடிக் கட்டடமாக இருந்தாலும் வேலை முறை இதேதான்.

முதலில் எதையும் எழுதாதீர்கள், கட்டடத்தைச் சுற்றி நடங்கள். அதுவும் துப்புரவு வேலை நடக்கும் விடியற்காலையில். எங்கள் வளவு முழுக்க ஆத்தங்குடிக் கல். கறை போகவில்லை என்று அக்கா ஒருவர் ஆசிட் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆசிட் இருந்தது லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டிலில், பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடர். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இதற்கு ரிஜிஸ்டரில் ஒரே வரிசை, மூன்று கட்டம். பாதுகாப்பு: தண்ணீர் என்று யாராவது குடித்துவிடலாம், ஈரக் கல்லில் வழுக்கலாம். உடல்நலம்: கையில் புண், மூச்சுத் திணறல். சுற்றுச்சூழல்: சாக்கடைக்குப் போகும் அமிலம். (சிமெண்ட் கல் என்பதால் கல்லும் அரிக்கும், வீட்டுக்காரர் காதுக்கு எட்டினால் அது தனிக் கதை.) ஒவ்வொன்றுக்கும் நடக்கும் வாய்ப்பு, விளைவின் கடுமை என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குங்கள். பெரிய எண் வந்தது முதலில்.

தீர்வைக் கையுறையில் ஆரம்பிக்காதீர்கள். ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா, மாற்றுப் பொருள் உண்டா, கட்டமைப்பை மாற்றலாமா, விதிமுறை போதுமா, கடைசியில்தான் கையுறை. நாங்கள் ஆசிட்டையே நிறுத்திவிட்டோம். வழுக்கலுக்கு வழி சொன்னது அந்த அக்காதான்: "ஏழு மணிக்கே தொடச்சிட்டா எல்லாரும் வர்றதுக்குள்ள காஞ்சிரும் சார்." மஞ்சள் பலகை வாங்குகிற செலவும் மிச்சம். ஊழியர்களைக் கலந்து பேச வேண்டும் என்று 45001 சொல்வது இதைத்தான். ஒப்பந்த ஆட்களை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து யுபிஎஸ் அறை. மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிற ஊரில், ஆபீஸ் பேட்டரிகள் மாடிப்படிக்கு அடியில் அடைந்து கிடக்கும். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியாகும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே, ஒரு பொறி பட்டால் தீப்பற்றும். அது மேலே எழும் வாயு, ஆகவே காற்றுப்போக்கி கூரையை ஒட்டி இருக்க வேண்டும். செத்த பேட்டரியையும் பழைய கம்ப்யூட்டரையும் எடைக்குப் போடாதீர்கள். இரண்டுக்கும் 2022-இல் வந்த தனித்தனி விதிகள் உண்டு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீதை ரிஜிஸ்டரோடு வையுங்கள்.

செட்டிநாட்டு வீடு பெரும்பாலும் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். இரண்டு வாசல் இருப்பது நல்லதுதான், பின்வாசல் பூட்டிக் கிடக்காதவரை. ஆள் இருக்கும் நேரம் முழுக்கத் தாழ் திறந்திருக்க வேண்டும். உயரமான நிலைப்படிகளில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள். தேக்குத் தூணில் ஆணி அடிக்க வீட்டில் பங்குள்ள பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும், அது நடக்காது. ஆகவே தீயணைப்பானைத் தரை ஸ்டாண்டில் வைத்தோம். மின்சாதனங்கள் பக்கம் கார்பன் டை ஆக்ஸைடு வகை.

நாற்காலி உயரம், திரையின் மட்டம், குடிநீர்த் தொட்டி கழுவிய தேதி எல்லாம் அதே ரிஜிஸ்டரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்டி முன்னால் ரிஜிஸ்டரை விரித்து வைத்து, வேலை முடியாத வரிசைகளுக்கு மட்டும் பொறுப்பாளர் பெயர், முடிக்கும் தேதி, தேவையான பணம் மூன்றையும் கேட்டுக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். வெளித் தணிக்கையாளர் வந்தால் முதலில் கேட்கப்போவதும் அந்தக் கையெழுத்துப் பக்கத்தைத்தான்.