மிட்வைஃப் வேலைக்குப் போக நினைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில் ஐந்தாம் மாடி வரை ஏறி (லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை), பிள்ளை பெற்று ஆறு நாளான ஒரு தாயை அந்தப் பகுதி மிட்வைஃப் என்ற முறையில் பார்க்கப் போனேன். குழந்தையின் நிறையைப் பார்த்து, தொப்புளைப் பார்த்து, பால் குடிக்கும் விதத்தையும் பார்த்துவிட்டுப் பையை மூடும்போது, அந்தத் தாயின் தங்கை வந்து நின்றாள். "மிஸ்ஸி, நானும் மிட்வைஃப் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன்" என்றாள். எங்கே என்று கேட்டால் ஒரு தனியார் நிறுவனம். முற்பணமும் கட்டியாகிவிட்டது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காசு கட்டிப் படிப்பதுதான் முதல் தவறு, அதுதான் பெரிய தவறும். இலங்கையில் மருத்துவமாதுவாக, அதாவது மிட்வைஃபாக, வேலை செய்ய இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்குக் கொண்டுபோகும் வழக்கமான வழி சுகாதார அமைச்சு நடத்தும் 18 மாதப் பயிற்சி. அதற்குக் கட்டணம் கிடையாது, மாறாகப் பயிற்சிக் காலத்தில் நமக்குத்தான் கொடுப்பனவு தருவார்கள். வெளியே 'மிட்வைஃபரி' என்று பெயர் போட்டு நடத்தும் ஆறு மாதக் கோர்ஸ்களில் உடற்கூறும் முதலுதவியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம், தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளராகச் சேரலாம், அவ்வளவுதான். காசு கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதை முடித்தால் மருத்துவ சபையில் என்னைப் பதிவார்களா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, அரசாங்கப் பயிற்சிக்கு எப்படிப் போவது? வர்த்தமானியில், அதாவது அரசாங்கக் கெசட்டில், அறிவித்தல் வரும். வருடம் தவறாமல் வரும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், அது நினைத்த நேரத்தில்தான் வரும். வர்த்தமானி வெளியாவது வெள்ளிக்கிழமைகளில், இணையத்தில் தமிழிலும் இருக்கும். கல்வித் தகைமை, வயது எல்லை எல்லாம் அந்தந்த அறிவித்தலில் உள்ளதுதான் செல்லும். அக்கா சேர்ந்த காலத்தில் அப்படி இருந்தது என்று வைத்துக்கொண்டு விண்ணப்பித்துத் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் பத்திரத்துக்குப் பத்திரம் ஒத்துப்போகாத பெயர். நம்முடைய பிள்ளைகளுக்கு இது தனித் தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, சாதாரண தரப் பெறுபேற்றில் அப்பா பெயர் முன்னால், உயர்தரத்தில் பின்னால். அறிவித்தல் வந்த பிறகு திருத்த ஓடினால் முடிவுத் திகதி கடந்துவிடும்.

அடுத்தது, தாதியும் மிட்வைஃபும் ஒன்று என்று நினைப்பது. தாதியர் பயிற்சி 3 வருடம், பதவி உயர்வுப் படிகளும் வேறு. மிட்வைஃபாகச் சேர்ந்துவிட்டு நடுவில் தாதியாக மாறலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். வெளிநாட்டுக் கனவு இருப்பவர்கள் இதை இரண்டு தடவை வாசியுங்கள்: சர்வதேச மருத்துவமாதுக்கள் கூட்டமைப்பு எதிர்பார்ப்பது நேரடியாகச் சேர்பவர்களுக்குக் குறைந்தது 3 வருடப் படிப்பு, அல்லது தாதியர் படிப்புக்குப் பின் 18 மாதம். நமது 18 மாதம் நேரடிப் பயிற்சி, அதாவது அந்த 3 வருடத்தில் பாதிதான். இங்கிலாந்து, அவுஸ்திரேலியா என்று மனதில் வைத்திருந்தால் தாதியர் வழியாகப் போவது புத்தி. நம் ஊரிலேயே இருப்பேன் என்பவர்களுக்கு இது நல்ல வேலை, எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

'எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் கொஞ்சம் பயம் எனக்கு. இந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. அம்மம்மா காலத்து மருத்துவிச்சி மாதிரி வீட்டில் பிள்ளை பிறப்பிக்கும் வேலை ஃபீல்டில், அதாவது வீடு வீடாகப் போகும் பகுதி வேலையில், இருப்பவளுக்குக் கிடையாது. திருமணமான தம்பதிகளைப் பதிவது, கர்ப்பம் என்றால் எட்டு வாரத்துக்குள் பதிவுக்குக் கொண்டுவருவது, கிளினிக், பிரசவம் முடிந்து முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்குப் போவது, ஊசி, நிறை, குடும்பக் கட்டுப்பாடு, அப்புறம் பதிவேடு, பதிவேடு, பதிவேடு. எழுத்து வேலை பிடிக்காதவர்கள் இங்கே பாதி நாளும் சலித்துக்கொள்வார்கள். பிரசவ அறைதான் வேண்டும் என்பவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்க வேண்டும். பயிற்சியில் இரண்டையும் பார்த்துவிடுவீர்கள்: முதல் வருடம் வகுப்பும் ஆஸ்பத்திரியும், கடைசி ஆறு மாதம் ஃபீல்ட்.

ஆஸ்பத்திரி என்றதும் ஞாபகம் வருகிறது, சிங்களம். கொழும்பில் இருந்துகொண்டு 'சமாளிக்கலாம்' என்று விடுவது தவறு. டி சொய்சா, காசல் வீதி மாதிரி பெரிய பெண்கள் வைத்தியசாலைகளில் வார்டுப் பேச்சு, மருத்துவரின் கட்டளை, ஆள் மாறும்போது நடக்கும் கையளிப்பு எல்லாம் சிங்களத்தில்தான் ஓடும். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. நான் பயிற்சியில் இருந்த ஓர் இரவு, மட்டக்குளிப் பிள்ளை ஒன்று, முதல் பிரசவம். தலை தெரியும் நேரம் முக்குவதை நிறுத்தி மூச்சை மட்டும் விடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கிழிந்துவிடும். சிங்களத்தில் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை, 'முக்கு' என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாக முக்கினாள். நான் அவள் காதுக்குக் கிட்டக் குனிந்து, "முக்காதேயம்மா, நாய்க்குட்டி மாதிரி மூச்சு விடு" என்றேன். சிரித்துவிட்டாள், சிரிப்போடு பிள்ளையும் வந்துவிட்டது. ஆகவே தமிழை மறைத்து வைக்க வேண்டாம், சிங்களத்தையும் தள்ளி வைக்க வேண்டாம்.

சொந்த ஊரிலேயே நியமனம் என்று வீட்டில் வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். எங்கே வெற்றிடமோ அங்கேதான். வெள்ளவத்தையில் வளர்ந்தவளை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினால் போகத்தான் வேண்டும், மாப்பிள்ளை வீட்டாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இவ்வளவையும் யாரிடம் விசாரிப்பது என்றால், உங்கள் ஒழுங்கைக்கு வரும் மிட்வைஃப் இருக்கிறாரே, அவரிடம். கிளினிக் நாளில் போகாதீர்கள், அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது. மற்ற நாளில் ஒரு பிளேன்டீ கொடுத்து உட்காரவைத்தால் மனுசி எல்லாம் சொல்வார்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சியிடம் நிறுவனத்தில் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லிவிட்டு, பிறப்புச் சான்றிதழை எடுத்து வரச் சொன்னேன். அலுமாரியைக் கிளறி, பொலித்தீன் உறையோடு கொண்டுவந்தாள். அடையாள அட்டையில் இருந்த பெயரின் கடைசி எழுத்து அதில் இல்லை. இந்தக் கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறாள்.