பிள்ளைக்கு அலர்ஜிக் பர்புரா வந்தால்: புது நாட்டில் கவனிக்க வேண்டியவை

புது நாட்டுக்கு வந்ததும் பிள்ளைக்குச் சளி பிடிப்பது சகஜம். அது ஆறி ஒன்றிரண்டு வாரத்தில் காலிலும் பின்புறத்திலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கிளம்பி, தடவினால் மேடு தட்டினால், அலர்ஜிக் பர்புராவாக இருக்கலாம். சிறிய ரத்தக்குழாய்கள் அழற்சியாகி, ரத்தம் தோலுக்கடியில் கசிவதால் வருவது இது. மற்றவர்களுக்குத் தொற்றாது. மருத்துவச் சீட்டில் ஐஜிஏ வாஸ்குலைடிஸ் என்றோ ஹெனாக் ஷோன்லைன் பர்புரா என்றோ இருந்தாலும் இதே நோய்தான்.

கண்ணாடித் தம்ளரைப் புள்ளி மேல் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நம் தோல் நிறத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் புதிதாக வந்த புள்ளிகள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். காய்ச்சலோடு பிள்ளை துவண்டு கிடந்தால் நேரே அவசரப் பிரிவுதான். மெனிஞ்சோகாக்கஸ் என்ற ஆபத்தான தொற்றிலும் இப்படிப் புள்ளிகள் வரும்.

பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரத்தில் தானே சரியாகிவிடும். மருந்தே எழுதித் தராமல் அனுப்புகிறார்களே என்று கோபப்படாதீர்கள், ஓய்வும் வலிக்குப் பாராசிட்டமாலும் பலருக்குப் போதும். முழங்கால், கணுக்கால் வீங்கினால் காலை உயர்த்தி வைத்துப் படுக்கட்டும். ஐபுப்ரொஃபெனை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், சிறுநீரகம் பாதித்திருந்தால் கெடுதல். வயிற்றுவலி கடுமையாக இருந்தால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அலர்ஜி என்ற பெயரைப் பார்த்துவிட்டு முட்டை, பால் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம்.

வயிற்றுவலி விட்டு விட்டு வந்து பிள்ளை சுருண்டு அழுதால், மலத்தில் ரத்தம் வந்தால், பையனுக்கு விதைப்பை வீங்கினால், சிறுநீர் கறுத்தால், முகம் ஊதினால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்வது இதில் உண்டு.

புள்ளி மறைந்ததும் எல்லோரும் மறந்துவிடுவது சிறுநீர்ப் பரிசோதனையைத்தான். என்னைக் கேட்டால் மற்ற எதையும்விட முக்கியம் இதுதான். சிறுநீரகப் பாதிப்பு வலிக்காது, வெளியிலும் தெரியாது. சிறுநீரில் ரத்தமோ புரதமோ வருவதும் ரத்த அழுத்தம் ஏறுவதும்தான் அடையாளம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வரும் என்பதால் குறைந்தது ஆறு மாதமாவது பார்ப்பார்கள். முதலில் அடிக்கடி, அப்புறம் இடைவெளி விட்டு. புதிதாக வந்தவர்கள் இந்த ஆறு மாதத்துக்குள் வீடும் மருத்துவரும் மாறிவிடுவார்கள், பரிசோதனை விட்டுப்போகும். எனவே முடிவுகளின் நகலையும் அடுத்த பரிசோதனைத் தேதியையும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்பதிவிலேயே கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

பள்ளிக்கும் மருத்துவரின் கடிதம் ஒன்று கொடுத்துவிடுங்கள். புள்ளிகள் அடிபட்ட காயம் போலத் தெரியும், ஆசிரியர்கள் விசாரிப்பது அவர்கள் கடமை. கடிதம் இருந்தால் பேச்சு அங்கேயே முடியும். மூட்டு வலி போகும்வரை விளையாட்டு வகுப்புக்கு விலக்கும் அதிலேயே எழுதச் சொல்லலாம்.

சிலருக்குச் சில மாதங்களில் மறுபடியும் புள்ளி வரும், பெரும்பாலும் முதல் தடவையைவிட லேசாக. அப்படி வந்தால் சிறுநீர்ப் பரிசோதனையையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.